தகைப்பற்ற பொருத்தம்: கட்டுப்பல்லின் வரலாற்றிலே உழைப்பும் உடைமையும்

தொழினுட்பங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் வரலாற்றையே எழுதிவந்துள்ளனர். கண்டுபிடிக்கப்பட்ட பொருளை நாள்தோறும் செய்து, தேய்த்து, சோதித்து, மனித உடலோடு இசைவித்த கைகளின் வரலாறு பெரிதும் எழுதப்படாமலே உள்ளது. இந்நிலை மருத்துவத் துறையிலே இன்னும் வெளிப்படையானது. நோயாளியும் மருத்துவரும் வரலாற்றில் இடம்பெறுவர். இருவருக்குமிடையே நின்று பொருளைச் செய்தளித்த தொழிலாளி இடம்பெறுவதில்லை. இக்குறையை ஒரு சிறு எடுத்துக்காட்டின் வாயிலாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தாடையெலும்பிலே பதிக்கப்பட்ட தைத்தேனிய உள்வைப்புகளின்மீது பற்களைத் தாங்கும் உலோகச் சட்டகம் எவ்வித விசையையும் பிறப்பிக்காது அமர்ந்திருக்க வேண்டும் என்னும் கோட்பாடும், அக்கோட்பாடு நடைமுறைக்கு வந்த வகையுமே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இலக்கிய மாணவர்களாகிய நாம் இத்தகைய பொருளைத் தொடுவதற்கு விளக்கம் வேண்டப்படலாம். யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பிக்க முற்பட்டபோது, இரணவைத்தியம், அங்காதிபாதம், கெமிஸ்தம் ஆகிய துறைகளுக்கு வேண்டிய சொற்களைத் தமிழ் மாணவரோடும் அறிஞரோடும் கூடி ஆக்க வேண்டியிருந்தது. மருத்துவம் மொழியாகவும் இருக்கிறது என்பதற்கு அம்முயற்சி நம்மிடையே உள்ள முதற்சான்றுகளுள் ஒன்று. நாம் ஆராயப்புகும் கருத்துக்குத் தமிழிலே நிலைபெற்ற சொல் இல்லை. இலங்கையிலே பௌதிகத்தைத் தமிழிற் பயின்றோர் பொருளொன்றின் உள்ளே விசையால் உண்டாகும் நிலையைத் ‘தகைப்பு’ என்பர். அதனையொட்டித் ‘தகைப்பற்ற பொருத்தம்’ என்னும் தொடரை இங்கு வழங்குகின்றோம். சொல் தேடும்போது கருத்தின் சமூக உள்ளடக்கமும் புலப்படத் தொடங்குகின்றது. பொருந்துவது எது, எதனோடு, யாருடைய செலவில் என்ற வினாக்கள் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியுள்ளன.

1. இருவகைப் பொருத்தங்கள்

கிளிநொச்சி மாவட்டத்தின் கிழக்கேயுள்ள கண்டாவளைப் பிரதேசம் நெல்லை அடிப்படையாகக் கொண்ட பொருளாதாரத்தை உடையது. இரணைமடுவின் நீரும் கனகராயன் ஆறும் அதன் வயல்களோடு தொடர்புடையன. உழவு இயந்திரம் வருமுன்னர் அவ்வயல்களிலிருந்து நெல்லைக் கொண்டுசென்றது மாட்டுவண்டியே. வண்டிச் சில்லின் மரவட்டத்தைச் சுற்றிப் பூட்டப்படும் இரும்பு வளையம், மரவட்டத்தினும் சற்றே சிறியதாகச் செய்யப்படும். கொல்லன் அதனை நெருப்பிலே பழுக்கக் காய்ச்சி விரியச்செய்து மரத்திலே ஏற்றுவான். நீரூற்றியதும் இரும்பு சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆரும் குடமும் வட்டமும் ஒன்றோடொன்று நெருங்கிச் சில்லு ஓருருப் பெறும். இங்கு தகைப்பே பொருத்தத்தின் உயிர். மரம் சற்று நெகிழ்ந்து கொடுப்பதால் அந்த இறுக்கம் சில்லுக்கு வலிமை தருகின்றது.

இதற்கு நேர்மாறானது நாம் ஆராயும் பொருத்தம். இயற்கைப் பல் தாடையெலும்போடு நேரே ஒட்டியிருப்பதில்லை. இடையே உள்ள மெல்லிய நார்த்திசு, கடிக்கும்போது பல் ஏறத்தாழ 100 மைக்குரோமீற்றர், அதாவது மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு, அசைவதற்கு இடமளிக்கின்றது. பற்களின்மேற் பூட்டப்பட்ட பாலம் சற்றுப் பிழையாக இருப்பினும் காலப்போக்கிலே பற்கள் சிறிது நகர்ந்து அப்பிழையை ஏற்றுக்கொள்ளும். எலும்போடு ஒன்றிவிட்ட தைத்தேனிய உள்வைப்பு அவ்வாறு அசைவதில்லை. அதன் அசைவு 10 மைக்குரோமீற்றர் அளவினதே. ஐந்தாறு உள்வைப்புகளை ஒரே உலோகச் சட்டகத்தால் இணைத்துத் திருகாணிகளால் இறுக்கும்போது சட்டகம் துல்லியமாக இல்லாவிடின் அதனைத் திருகாணி வலிந்து இழுத்து அமர்த்தும். இடைவெளி கண்ணுக்கு மறையும். ஆனால் அந்த விசை மறையாது. சட்டகத்திலும் திருகாணியிலும் எலும்பிலும் அது இரவும் பகலும் தங்கியிருக்கும். வாய் மெல்லாதபோதும் உலோகம் இழுத்துக்கொண்டேயிருக்கும்.

எனவே நெகிழாத இரு பொருள்கள் சந்திக்குமிடத்திலே பிழை எங்கோ ஓரிடத்தில் ஏற்கப்பட்டாக வேண்டும். எலும்பு ஏற்கலாம், திருகாணி தளர்ந்தோ முறிந்தோ ஏற்கலாம், அல்லது சட்டகம் வாயினுள்ளே செல்லுமுன் தொழிலாளியின் உழைப்பு நேரம் அதனை ஏற்றுத் தீர்த்துவைக்கலாம். தகைப்பற்ற பொருத்தம் என்பது மூன்றாவது வழியின் பெயர் எனலாம். இவ்வுண்மையை மனங்கொண்டே இதன் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

2. இறப்பரும் தருமபுரமும்

உள்வைப்புக்கு முந்திய காலத்திலே கட்டுப்பல் ஈறின்மீது அமர்ந்தது. ஐரோப்பாவின் செல்வர்க்கு யானை, நீர்யானை முதலியவற்றின் தந்தத்திற் செதுக்கிய பற்களும் பொற்றகட்டில் அமைத்த பற்களும் கிடைத்தன. 1815இல் நடந்த வாட்டர்லூப் போரின்பின் இறந்த போர்வீரரின் வாயிலிருந்து பிடுங்கப்பட்ட பற்கள் கட்டுப்பற்களிலே பதிக்கப்பட்டு விற்கப்பட்டன. வறியவனின் பல் செல்வனின் வாய்க்கு இடம்பெயர்ந்த அந்நிகழ்ச்சி, உடலுறுப்பும் சரக்காக மாறக்கூடியது என்பதை வெளிப்படையாகக் காட்டியது. சாதாரண மக்களுக்குக் கட்டுப்பல் எட்டத் தொடங்கியது வன்னிறப்பராகிய வல்கனைற்று வந்த பின்னரே. கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கப்பட்டுக் கடினமாக்கப்படும் இப்பொருளுக்கு நெல்சன் குட்இயர் 1851இல் அமெரிக்காவிலே உரிமம் பெற்றார். வாயின் அச்சிலே வார்த்தெடுக்கக்கூடியதாகையால் அது தந்தத்தினும் பொன்னினும் மலிவாகவும் நன்கு பொருந்துவதாகவும் அமைந்தது.

மலிவாய் வந்த பொருள்மீது உடனடியாக உடைமை வேலி போடப்பட்டது. ஜோன் கமிங்ஸ் என்பவருக்கு 1864இல் வழங்கப்பட்ட உரிமத்தைக் கைக்கொண்ட குட்இயர் பல் வல்கனைற்றுக் கம்பனி, வல்கனைற்றைப் பயன்படுத்திய ஒவ்வொரு பல் வைத்தியரும் தனக்குக் கட்டணம் செலுத்த வேண்டுமென வற்புறுத்திற்று; செலுத்தாதோர்மீது வழக்குத் தொடுத்தது. அக்கம்பனியின் பொருளாளரான ஜொசையா பேக்கன் 1879இல் சான்பிரான்சிஸ்கோவிலே சாமுவேல் சல்பன்ற் என்ற பல் வைத்தியராற் சுட்டுக் கொல்லப்பட்டார். 1881இல் உரிமம் காலாவதியாயிற்று. தனிமனித வெறியின் கதையாக இதனைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் மருத்துவப் பொருளொன்றின் மீதான தனியுரிமை எத்தகைய பகைமையை ஈன்றது என்பதையே நாம் இங்கு காண்கின்றோம்.

இவ்விடத்தில் நமது நாட்டின் வரலாறு இக்கதையுட் புகுகின்றது. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த இறப்பர் விதைகள் 1876இல் கியூத் தாவரவியற் பூங்காவிலே முளைக்கவைக்கப்பட்டன. அக்கன்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹெனரத்கொடையிலே நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கந்தொட்டு இலங்கை, மலாயா ஆகிய நாடுகளின் தோட்ட இறப்பர், பிரேசிலின் காட்டிறப்பரைச் சந்தையிலே பின்தள்ளியது. அத்தோட்டங்களில் உழைத்தவர்களுட் பெரும் பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர். 1940கள் வரை, அக்ரிலிக்குப் பொருள்கள் வந்து இடத்தைப் பிடிக்கும்வரை, உலகின் கட்டுப்பற்களிலே பெரும்பாலானவற்றின் அடித்தட்டு வல்கனைற்றாகவே இருந்தது. மத்துகமையிலும் களுத்துறையிலும் விடியுமுன் மரஞ்சீவிய கைகளின் உழைப்பு, இலண்டன் முதியவரொருவரின் வாயிலே உணவை மெல்லும் கருவியாக முடிந்திருக்கக்கூடும். மரஞ்சீவியவரோ தமது பல் போனால் பொக்கை வாயோடுதான் இருந்திருப்பார்.

அவர்களின் சந்ததியினருக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இனவன்முறைகளால் துரத்தப்பட்டோருள் பலர் வன்னியிலே காடு வெட்டிக் குடியமர்ந்தனர். கண்டாவளைப் பிரதேசத்துக்குட்பட்ட தருமபுரம் அத்தகைய மலையக மக்கள் வாழும் ஊர்களுள் ஒன்று. பரந்தன்-முல்லைத்தீவு வீதியிலுள்ள அவ்வூரின் பெயர், கட்டுப்பல்லின் வரலாற்றை எழுதும் மேனாட்டு நூல்களிலே இடம்பெறப்போவதில்லை. எனினும் வல்கனைற்றின் வரலாற்றை முழுமையாக எழுதுவதாயின் அதன் ஓர் அத்தியாயம் தருமபுரத்திலே முடிவுறும் என்பது எமது துணிபு.

3. தைத்தேனியமும் படைக்கலமும்

ஈறின்மீது அமரும் கட்டுப்பல்லின் குறையை அதனை அணிந்தோர் அறிவர். பல் விழுந்த தாடையெலும்பு ஆண்டுதோறும் கரைகின்றது. நேற்றுப் பொருந்திய தட்டு இன்று ஆடுகின்றது. குறிப்பாகக் கீழ்த்தாடையிலே நாக்கும் கன்னமும் தட்டைத் தூக்கியெறியும். பேசும்போது கைகொண்டு மறைத்தலும், விருந்திலே கஞ்சியை மட்டும் கேட்டலும் அவர்தம் வழக்கமாகிவிடும். கட்டுப்பல் மனிதனுக்குப் பொருந்துவதற்குப் பதிலாக மனிதனே கட்டுப்பல்லுக்குப் பொருந்தி வாழப் பழகுகின்றான்.

இந்நிலையை மாற்றக்கூடிய அவதானம் தற்செயலாகப் பிறந்தது. சுவீடனின் லுண்ட் நகரிலே 1952இல், முயலின் கால் எலும்பினுள்ளே குருதியோட்டத்தை நோக்குவதற்காகத் தைத்தேனியக் கூடொன்றைப் பதித்த பெர்-இங்வார் புரோனமார்க், ஆய்வு முடிந்தபின் அதனைக் கழற்ற முடியாதிருந்தமையைக் கண்டார். எலும்பு உலோகத்தோடு ஒன்றிவிட்டிருந்தது. பின்னர் கொத்தன்பேர்க்கிலே பணியாற்றிய காலத்தில், 1965இல், கோஸ்ரா லார்சன் என்பவரின் தாடையிலே முதன்முதலாகத் தைத்தேனிய உள்வைப்புகளைப் பதித்தார். லார்சன் முதுமையாற் பல்லிழந்தவரல்லர். பிறப்பிலேயே தாடைக் குறைபாடு உடையவர். 2006இல் இறக்கும்வரை நாற்பதாண்டுகளுக்கு மேலாக அவர் அவ்வுள்வைப்புகளைப் பயன்படுத்தினார். இச்சிகிச்சை அழகுக்கான ஆடம்பரமாகத் தொடங்கவில்லை. உண்ணவும் உரைக்கவும் இயலாதிருந்த ஒரு மனிதனின் தேவையிலிருந்தே தொடங்கியது என்பது கருத்திற் கொள்ளத்தக்கது.

புரோனமார்க் குழுவினர் பத்தாண்டு அனுபவத்தை 1977இல் வெளியிட்டனர். ஜோர்ஜ் சார்ப் முன்னின்று 1982இல் ரொறன்ரோவிலே கூட்டிய மாநாட்டின் பின்னரே வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இம்முறையை ஏற்றன. இதற்கிடையே முக்கியமானதொரு பொருளாதார நிகழ்ச்சி நடந்தது. உள்வைப்புகளைப் பேரளவில் ஒரே துல்லியத்தோடு கடைந்தெடுக்க வல்ல தொழிற்சாலை வேண்டியிருந்தது. 1978இல் புரோனமார்க் கைகோத்தது கார்ல்ஸ்கூகாவிலிருந்த போபர்ஸ் நிறுவனத்தோடு. அல்பிரட் நோபல் 1894இல் உடைமையாக்கிக்கொண்டதும், பீரங்கி செய்வதிற் பெயர்பெற்றதுமான அதே போபர்ஸ். 1981இல் அதன் கிளையாக நோபல்பாமா அமைந்தது. பின்னர் அது நோபல் பயோகெயர் எனப் பெயர் பெற்றது. இந்தியாவுக்குப் பீரங்கி விற்றதில் இலஞ்சம் கொடுக்கப்பட்டதாக 1987இல் எழுந்த குற்றச்சாட்டின் வாயிலாகவே தமிழ் வாசகர் போபர்ஸ் என்னும் பெயரை அறிவர். பீரங்கியின் குழலைக் கடைவதற்குத் தேவையான துல்லியமும் உள்வைப்பின் புரியைக் கடைவதற்குத் தேவையான துல்லியமும் உற்பத்திச் சக்திகளின் ஒரே வளர்ச்சிக் கட்டத்தைச் சேர்ந்தவை. தாடையைச் சிதைக்கும் கருவியும் சிதைந்த தாடையைச் சீர்செய்யும் கருவியும் ஒரே முதலீட்டின் நிழலில் வளர்ந்தன. 2014இல் அமெரிக்க நிறுவனமான டனகர் நோபல் பயோகெயரை ஏறத்தாழ 220 கோடி டொலருக்கு வாங்கியது.

4. மெழுகு, உலோகம், உழைப்பு

உள்வைப்பைத் தொழிற்சாலை செய்யும்; ஆயிரம் உள்வைப்புகளும் ஒரே வடிவின. ஆனால் அவற்றின்மேல் அமரும் சட்டகம் ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியே செய்யப்பட வேண்டும். இங்கேதான் பெருந்தொழிற்சாலை ஆட்சி நின்று கைவினை தொடங்குகின்றது. தொடக்கத்திலே இச்சட்டகங்கள் பொற்கலவையில் வார்க்கப்பட்டன. வார்ப்பு முறையோ நமக்குப் புதியதன்று. மெழுகிலே உருவைச் செய்து, அதனைச் சுற்றி மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்திலே உலோகத்தை ஊற்றும் முறையாலேயே சோழர்காலப் படிமங்களும் பொலன்னறுவையிற் கண்டெடுக்கப்பட்ட சைவப் படிமங்களும் ஆக்கப்பட்டன. சுவாமிமலைத் தபதிகள் இன்றும் அம்முறையைக் கையாள்கின்றனர். இதே முறையை வில்லியம் ரகார்ட் 1907இல் பல்மருத்துவத்துக்குப் பொருத்தி அறிமுகப்படுத்தினார்.

படிமத்துக்கும் சட்டகத்துக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. நடராசர் படிமம் குளிரும்போது சிறிது சுருங்கினாலும் அதன் எழில் குன்றாது. சட்டகத்துக்கு அச்சலுகை இல்லை. பொற்கலவை உறைந்து குளிரும்போது நீளத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சுருங்கும். 50 மில்லிமீற்றர் நீளமுள்ள சட்டகத்திலே அது 0.75 மில்லிமீற்றர், அதாவது 750 மைக்குரோமீற்றர். வேண்டப்படுவதோ சில பத்து மைக்குரோமீற்றர்களுக்கு உட்பட்ட பொருத்தம். உலோகம் சுருங்குமளவுக்கு அச்சுமண் முன்கூட்டியே விரிவடையுமாறு தொழிலாளி அதனைக் கலந்து, சூட்டை அளந்து கொடுத்தல் வேண்டும். அதற்கு முன்னரோ, வாயில் அச்செடுக்கும் பசை சுருங்கும். வார்ப்புருவின் சாந்து விரியும். மெழுகு தனது பழைய வடிவை நாடி வளையும். ஒவ்வொரு படியிலும் பிழை பிறக்கின்றது. சில ஒன்றையொன்று தணிக்கின்றன, சில ஒன்றோடொன்று கூடுகின்றன.

இவற்றை வெல்லக் கையாளப்பட்ட வழிகள் யாவும் உழைப்பு நேரத்தை மேலும் செலவிடும் வழிகளே. அச்செடுக்கையிலே உள்வைப்புகளின்மேற் பூட்டிய உருளைகளைப் பிசினால் ஒன்றோடொன்று இணைத்து, பிசின் சுருங்கியபின் அதனை அறுத்து, மெல்லிய இடைவெளியை மீண்டும் ஒட்டுவர். வார்த்த சட்டகம் பொருந்தாவிடின் அதனைத் துண்டாக வெட்டி, வாயிலே துண்டுகளைப் பூட்டி, அந்நிலையிலேயே பிணைத்து, வெளியே எடுத்துப் பற்றாசு வைப்பர். பிற்காலத்திலே லேசர்க் கதிராலும் ஒட்டினர். சரிபார்ப்பதற்கென்று சாந்தினாற் சட்டமொன்றைச் செய்து பூட்டிப்பார்ப்பதும் உண்டு. சாந்து வளையாது, தகைப்பு இருந்தால் வெடித்துவிடும். பொய்சொல்லத் தெரியாத சாட்சி அது. இன்னொரு சோதனையிலே சட்டகத்தின் ஒரு முனையிலுள்ள ஒரேயொரு திருகாணியை மட்டும் இறுக்கி, மறுமுனை எழும்புகின்றதா என நோக்குவர். எல்லாத் திருகாணிகளையும் இறுக்கிவிட்டால் பிழை மறைந்துவிடும் என்பதாலேயே ஒன்றை மட்டும் இறுக்குகின்றனர். வலிந்து பெற்ற இணக்கம் இணக்கமாகாது என்பதை அத்தொழிலாளர் கைப்பட அறிந்திருந்தனர்.

1980களிலிருந்து கணினி வழிக் கடைதல் இத்துறைக்குள் நுழைந்தது. தைத்தேனியக் கட்டியிலிருந்து சட்டகத்தை நேரே கடைந்தெடுக்கும்போது வார்ப்பின் சுருக்கம் இல்லாதொழிகின்றது. பொதுவாக வார்த்த சட்டகத்தினும் கடைந்த சட்டகம் துல்லியமானது என்பது ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது. முன்னேற்றம் இதுவென்பதில் நமக்கு ஐயமில்லை; இயந்திரத்தை வெறுப்பது எமது நோக்கன்று. ஆயினும் வாயிலே அளவெடுக்கும் கட்டத்துப் பிழையை இயந்திரம் அறியாது. பிழையான அளவையும் அதே துல்லியத்தோடு கடைந்து தரும். எனவே சரிபார்க்கும் கண்ணும் கையும் நேரமும் இன்னும் தேவைப்படுகின்றன. மாறியிருப்பது, தொழிலாளியின் கையிலிருந்த திறனிலே ஒரு பகுதி இயந்திரத்தை உடைமையாகக் கொண்டோரிடம் சென்றமையே.

5. எவ்வளவு போதும்?

பொருத்தம் எவ்வளவு துல்லியமாயிருக்க வேண்டும் என்ற வினாவுக்குக் கிடைத்த விடைகளின் வரலாறு சிந்தனைக்குரியது. புரோனமார்க் 1983இல், எலும்பு முதிர்ந்து கடிவிசைக்கேற்பத் தன்னைச் சீரமைத்துக்கொள்வதற்கு இடைவெளி 10 மைக்குரோமீற்றருக்கு மேற்படலாகாது என்றார். மனித மயிரொன்றின் தடிப்பிலும் எத்தனையோ மடங்கு சிறிய அளவு அது. ரோர்ஸ்ரன் யெம்ற் 1991இல் வேறொரு கோணத்திலிருந்து இவ்வினாவை அணுகினார். நீண்டகாலத்திலே நோயாளிக்குச் சிக்கல் விளைவிக்காத பொருத்தமே போதிய பொருத்தம் என்றும், 150 மைக்குரோமீற்றருக்குட்பட்ட பிழை ஏற்கத்தக்கதென்றும், திருகாணி இலேசாகத் தடைபட்ட நிலையிலிருந்து முற்றாக இறுகுவதற்கு அரைச்சுற்றுக்கு மேல் தேவைப்படலாகாதென்றும் அவர் கருதினார். பதினைந்து மடங்கு வேறுபாடுள்ள இரு அளவுகளும் ஒரே மரபினுள்ளே எட்டாண்டு இடைவெளியிற் பிறந்தவை.

முதலாவது அளவு உடலின் இலட்சிய நிலையிலிருந்து பெறப்பட்டது. இரண்டாவது நடைமுறையிலிருந்து பெறப்பட்டது. யெம்றும் அவரது சகாவும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, வாயிலே பல்லாண்டு செயற்பட்ட சட்டகங்களுள் ஒன்றேனும் முற்றிலும் தகைப்பற்றதாய் இருக்கவில்லை என்பதைக் காட்டிற்று. பிழையின் சராசரி 100 மைக்குரோமீற்றரை அண்டியிருந்தது. பிழையின் அளவுக்கும் எலும்பிழப்புக்குமிடையே தொடர்பை அவர்கள் காணவில்லை. விலங்குகளில் நடத்தப்பட்ட சில பரிசோதனைகளும் எலும்பு எதிர்பார்த்ததைவிடப் பொறுமையுடையது என்றே உணர்த்தின. திருகாணி தளர்தல், முறிதல், மேற்பூச்சு உடைதல் முதலிய பொறிமுறைச் சிக்கல்களோ பிழையோடு கூடுதலான தொடர்புடையனவாகக் கருதப்படுகின்றன.

இவ்வளவைக் கண்டு, ‘அப்படியாயின் துல்லியம் எதற்கு?’ என ஒருவர் வினவலாம். இங்கேதான் இயங்கியல் நோக்கு வேண்டப்படுகின்றது. முழுமையான தகைப்பின்மை எட்டப்படாத இலட்சியம் என்பதும், அதனை நோக்கிய உழைப்பே பிழையைப் பொறுக்கத்தக்க எல்லைக்குள் கொண்டுவந்தது என்பதும் ஒருங்கே உண்மை. ‘ஏற்கத்தக்கது’ என்னும் சொல்லை யார் எடுத்தாள்கின்றனர் என்பதே முக்கியம். நோயாளியை ஆண்டுக்கணக்கிற் பின்தொடர்ந்து, தளர்ந்த திருகாணியை மாற்றி, பிழையை அளந்து வெளியிட்ட ஆய்வாளரின் வாயில் அது அறிவியற் சொல். சரிபார்க்கும் நேரத்தைச் செலவாகக் கருதி வெட்டும் வணிகனின் வாயில் அதே சொல் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் சாக்கு. ஏனெனில் 150 மைக்குரோமீற்றர் என்பது பின்தொடரும் சிகிச்சை உள்ளவனுக்கே ஏற்கத்தக்கது. திருகாணி தளரும்போது மீண்டும் வைத்தியரிடம் செல்ல இயலாதவனுக்கு எவ்வளவு பிழை ஏற்கத்தக்கது என்பதை எவரும் அளந்ததில்லை.

6. கண்டாவளையிலிருந்து நோக்குகையில்

இவ்வினாவோடு நாம் மீண்டும் கண்டாவளைக்கு வருகின்றோம். 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி நகர் இராணுவத்தின் வசமான பின்னர், அங்கிருந்து இடம்பெயர்ந்த மருத்துவமனை தருமபுரத்திலே இயங்கியது. சில வாரங்களுள் அதுவும் கிழக்கே நகர நேர்ந்தது. மக்கள் தம் வீட்டையும் வயலையும் விட்டுச் சென்றனர். எறிகணையால் தாடை சிதைந்தோர்க்கு உள்வைப்பு ஆடம்பரமன்று. லார்சனுக்கு எவ்வாறு தேவையாயிருந்ததோ அவ்வாறே தேவையானது. இன்னொரு தேவையும் உண்டு. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் வயல்வேலையின் களைப்பை ஆற்றும் துணையாய் இருந்துவந்த சமூகத்திலே, தாடையின் ஒரு பகுதியை வெட்டியெடுக்க நேர்ந்தவர்க்கு ஈறின்மீது அமரும் தட்டு நிலைகொள்ள இடமேயில்லை. உள்வைப்பு மிகவும் வேண்டப்படுவோர் அதனைப் பெற மிகவும் இயலாதோராய் இருப்பது இச்சிகிச்சையின் அடிப்படை முரண்பாடாகும்.

முரண்பாட்டைக் காட்டுவதோடு நின்றுவிடுதல் போதாது. பொருத்தத்தின் கடுமையைக் குறைத்தே பயனைப் பெறும் வழியும் இவ்வரலாற்றினுள்ளேயே உண்டு. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திலே 2002இற் கூடிய அறிஞர், பல்லற்ற கீழ்த்தாடைக்கு இரண்டு உள்வைப்புகளும் அவற்றின்மேற் பற்றிக்கொள்ளும் கழற்றத்தக்க கட்டுப்பல்லும் முதற்றெரிவாக அமைய வேண்டுமென ஒருமித்துக் கூறினர். இரண்டு உள்வைப்புகளும் சட்டகத்தால் இணைக்கப்படாது தனித்தனியே நிற்கும்போது நெகிழாத இரண்டு ஒன்றையொன்று இழுக்கும் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. குமிழ்ப்பிடியின் சிறு அசைவு பிழையை ஏற்றுக்கொள்கின்றது. செலவும் குறைவு, பழுதுபார்த்தலும் எளிது. பொதுமருத்துவத்தின் வழியே பலருக்கு எட்டக்கூடியது இதுவே எனலாம். மிகச் சிலருக்கு மிகத் துல்லியம் என்பதைவிடப் பலருக்குப் போதிய பொருத்தம் என்பதே மக்கள் சார்பான அளவுகோலாகும்.

வன்னி மக்கள் இதனையொத்த பாடமொன்றை ஏற்கெனவே கற்றுள்ளனர். பரந்தனிலும் ஆனையிறவுச் சுற்றாடலிலும் கண்ணிவெடியாற் காலிழந்தோர் பலர்க்கு நடையைத் தந்தது ஜெய்ப்பூர்க் கால். 1960களின் பிற்பகுதியிலே மருத்துவர் சேத்தியோடு இணைந்து அதனை உருவாக்கிய ராம் சந்திர சர்மா, முறையான உயர்கல்வி பெற்றிராத கைவினைஞர். அதன் பாதத்துக்குப் பயன்பட்டது, வீதியோரத்திலே லொறிச் சக்கரங்களைப் புதுப்பிப்போர் கையாண்ட அதே பதப்படுத்திய இறப்பர். ஒரு காலத்திலே வல்கனைற்றாகச் செல்வ நாடுகளின் வாய்க்குச் சென்ற பொருள், இன்னொரு காலத்திலே பாதமாக வறியவரிடம் வந்து சேர்ந்தது. அங்கும் பொருத்தமே உயிர்: எஞ்சிய காலில் இறுக்கமாயின் புண், தளர்வாயின் தள்ளாட்டம். பயனாளியைத் தொழிற்கூடத்திலே நடக்கவிட்டு, அவர் சொல்வதைக் கேட்டு, கிண்ணத்தைத் தட்டியும் தேய்த்தும் தொழிலாளி அதனைத் திருத்துகின்றார். கண்டுபிடிப்பின் வரலாற்றிலே தொழிலாளியின் பெயர் மருத்துவரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அரிய சந்தர்ப்பங்களுள் இதுவொன்று.

இதுவரை கூறியவற்றால் ஒன்று தெளிவாகின்றது. தகைப்பற்ற பொருத்தம் உலோகத்தின் இயல்பிலிருந்து தானே பிறப்பதன்று. பிழையை உடல் சுமக்காதவாறு யாரோ முன்கூட்டியே உழைத்துச் சுமந்ததன் விளைவு அது. அவ்வுழைப்புக்குரிய நேரமும் ஊதியமும் வழங்கப்படும் இடத்திலே பொருத்தம் உண்டாகின்றது. மறுக்கப்படும் இடத்திலே திருகாணி இறுக்கப்பட்டு இடைவெளி மறைக்கப்படுகின்றது. பல் தொழினுட்பத் தொழிலாளரைப் பயிற்றுவதும், அவர்களைப் பொதுமருத்துவச் சேவையிலே உரிய மதிப்போடு அமர்த்துவதும், ஏ-9 வீதியின் தென்கோடியிலுள்ள நகரங்களோடு நின்றுவிடாது கிளிநொச்சிக்கும் அச்சேவையைக் கொண்டுவருவதும் இதன்வழிப் பெறப்படும் கோரிக்கைகள். அவை நிறைவேறும் வரை கண்டாவளையின் முதியவர் தாடை தேயத்தேயத் தளரும் தட்டுக்கு ஏற்பத் தம் உணவையும் பேச்சையும் சுருக்கிக்கொண்டேயிருப்பார். பிழை முழுவதையும் அவர் உடலே ஏற்கும்.